சத்து மாத்திரை டப்பா

"கிளட்ச்! கிளட்ச்! அய்யோ, அது ஆக்சிலரேட்டர் சார்!"

கார் முன்னால் நின்ற பால் வண்டியை இடிக்கப் போன நேரத்தில், பக்கத்து இருக்கையில் இருந்தவரின் கால் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. ஓட்டப் பழக வந்த பல் டாக்டருக்கு வியர்த்து வழிந்தது.

"பயப்படாதீங்க. நான் உக்காந்திருக்கற வரைக்கும் வண்டி எதையும் இடிக்காது."

பயிற்சிக் காரில் சொல்லித்தருபவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதைச் சரியான நொடியில் மிதிப்பதில் கெட்டிக்காரர் என்பதால் எல்லோரும் அவரை பிரேக் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வீட்டிலும் அவர் அப்படித்தான். கெட்ட செய்தி எது வந்தாலும் வாசலிலேயே மடக்கி நிறுத்திவிடுவார்.

அவர் மனைவி தையல் கடை வைத்திருந்தாள். சில மாதங்களாக அவளுக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது, முகம் வெளுத்தது, மலம் தார் மாதிரி கறுத்துப் போனது. இதையெல்லாமா வெளியே சொல்வது என்று கூச்சப்பட்டு இருந்துவிட்டாள். தையல் இயந்திரத்தின் மீதே மயங்கிச் சாய்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரைப்பையின் சுவரில் ஒரு கட்டி. அதிலிருந்து கசிந்த ரத்தம்தான் இத்தனைக்கும் காரணம். கட்டியை அறுத்து எடுத்தார்கள்.

பரிசோதனை முடிவு வந்தபோது அவள் வீட்டில் ஓய்வில் இருந்தாள். மாஸ்டர் மட்டும் போனார். அது 'ஜிஸ்ட்' என்ற புற்றுநோய் என்றும், திரும்பி வராமலிருக்க மூன்று வருடம் தினமும் ஒரு மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டும் என்றும் டாக்டரம்மா சொன்னார்.

"அவங்ககிட்ட நானே பேசறேனே?"

"வேண்டாம் டாக்டர். நான் பக்குவமா சொல்லிக்கறேன்."

அந்தப் பக்குவம் அவருக்கு வரவேயில்லை. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டாலே அவள் பாதி செத்துவிடுவாள் என்று அவராகவே முடிவு கட்டினார். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, காலியாகக் கிடந்த ஒரு சத்து மாத்திரை டப்பாவில் போட்டார். "ரத்தம் ஊறும், தினமும் சாப்பாட்டோட ஒண்ணு போடு" என்று கொடுத்தார். அவள் கண்ணிமைகள் லேசாக வீங்கியபோதுகூட, தூக்கம் போதவில்லை என்று பூசி மெழுகினார். மருந்தின் வேலை அது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

ஒருநாள் வீட்டுச் சாவி வாங்க மனைவியின் தையல் கடைக்குப் போனார். அங்கே பித்தான் தைத்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் பட்டன் அக்கா என்பார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கண்ணும் உப்பியிருந்தன.

"கண்ணுக்கு என்னாச்சு அக்கா?"

"தெரியல மாஸ்டர். வயிறு வேற பிரட்டுது. உங்க வீட்டு சத்து மாத்திரை எனக்கு ஒத்துக்கலையோ என்னவோ."

மாஸ்டர் சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார்.

"அக்கா பாவம், சோர்ந்து சோர்ந்து விழுந்தாங்க" என்றாள் மனைவி சாதாரணமாக. "எனக்குத்தான் இப்ப நல்லா தெம்பா இருக்கே. ஒருநாள் அவங்களுக்கு, ஒருநாள் எனக்கு. அவ்வளவுதான்."

அவள் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. நல்ல மனசோடு தன் உயிர்க்காவலைப் பாதி பங்கு போட்டுக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு யார் சொன்னார்கள், அது என்ன மாத்திரை என்று?

மாஸ்டர் பேயறைந்த முகத்தோடு இருவரையும் பயிற்சிக் காரில் ஏற்றினார். கேட்டதற்கெல்லாம் "ஆஸ்பத்திரியில சொல்றேன்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

அங்கே டாக்டரம்மா முன்னால் அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பட்டன் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஓசியில வாங்கித் தின்னு நான் என்னைக்கு உருப்பட்டிருக்கேன்!" மாத்திரையை நிறுத்தினால் வீக்கம் வடிந்துவிடும், ஒரு ரத்தப் பரிசோதனை போதும் என்று சொல்லி அவளை அனுப்பினார் டாக்டரம்மா.

மனைவி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அழுவாள் என்று மாஸ்டர் கைக்குட்டையைத் தயாராக எடுத்து வைத்திருந்தார். அவள் அழவில்லை.

"டாக்டர், நான் பொழைப்பேனா?"

"பொழைக்கறதுக்குத்தான் இவ்வளவும் செய்யறோம்மா. கட்டி எவ்வளவு பெருசு, எங்க இருந்துது, அதோட செல்லு எவ்வளவு வேகமா பெருகுது, இதை வெச்சுத்தான் திரும்பி வருமான்னு கணிப்போம். உங்களுது கொஞ்சம் பெருசு, வேகமும் உண்டு. அதனாலதான் மாத்திரை. ஆனா இரைப்பையில இருந்தது நல்லது, உடையாம முழுசா எடுத்ததும் நல்லது. மாத்திரையை விடாம போட்டு, சொன்ன நேரத்துல ஸ்கேன் எடுத்துக்கிட்டு, வருஷக்கணக்கா நல்லா இருக்கறவங்க நிறைய பேர்."

"விட்டுப்போன நாளுங்க?"

"போனது போகட்டும். இன்னைக்கிலிருந்து ஒருநாள்கூட விடாதீங்க."

"விட மாட்டேன்" என்றாள் அவள். அந்தக் குரலில் நடுக்கம் இல்லை. இவள் தாங்கமாட்டாள் என்று இத்தனை நாள் நினைத்ததற்கு மாஸ்டர் வெட்கப்பட்டார்.

வெளியே வந்ததும் அவள் கார் சாவியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். ஓட்டக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். முதல் திருப்பத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வர, பழக்கதோஷத்தில் அவர் கால் தன் பக்கத்து பிரேக்கைத் தேடியது.

"காலை எடுங்க" என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த வண்டியில உங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. என் உடம்புல அப்படி ஒண்ணு கிடையாதுங்க. அதை ஓட்டுறது நான் மட்டுந்தான். பயந்துடுவேன்னு கண்ணைக் கட்டி உக்கார வெச்சா, இடிக்காம என்ன செய்வேன்?"

"தப்புதாம்மா. உன்மேல உள்ள பாசத்துல..."

"பாசம் இருந்தா பக்கத்துல இருங்க, மறைக்காதீங்க. நோய் யாருக்கோ, அதைப்பத்தின உண்மையும் அவங்களுக்குத்தான் சொந்தம். அது தெரிஞ்சாத்தான் மருந்தை விடாம போடுவாங்க."

மாஸ்டர் இரண்டு கால்களையும் பின்னால் இழுத்துக்கொண்டார். சைக்கிள்காரன் கடந்து போகும்வரை பொறுத்திருந்து, அவள் வண்டியை நிதானமாகத் திருப்பினாள்.