கை எழாத துஆ

வாய்கள். குளத்து நீர் முழுக்கச் சின்னச் சின்ன வட்ட வாய்கள். விடியும்போதே மீன்கள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன.

மூன்று நாள் ஐப்பசி மழை. பிறகு மூடிய வானம். காற்றில்லை, வெயிலில்லை. விடியுமுன் மின்சாரமும் போனது. குளத்துக்குக் காற்றூட்டும் சக்கரம் நின்றுவிட்டது.

ஜொகரா சேலையைச் சொருகிக்கொண்டு இறங்கினாள். எட்டு மாதம் தீனி போட்டு வளர்த்த கெண்டைகள். கைகளால் தண்ணீரை அடித்தாள். அடித்தாள். தெறிக்கும் துளி கொஞ்சம் காற்றையாவது உள்ளே கொண்டுபோகட்டும் என்று அடித்தாள். எதிர்க்கரையில் அவள் கணவன் இபுராம்சா அடித்தான்.

ஒரு வெள்ளை வயிறு மிதந்தது. இன்னொன்று. இன்னொன்று.

பக்கத்து வயலில் தங்கப்பொண்ணு, மூழ்கிய இளம்பயிரிலிருந்து டீசல் என்ஜின் வைத்து மழைத்தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று பார்த்தாள். என்ஜினை நிறுத்தி, குளத்துப் பக்கம் தள்ளத் தொடங்கினாள்.

"அக்கா, ஒங்க பயிரு அழுகிப்போயிடுமே!" என்றாள் ஜொகரா.

"பயிரு சாயங்காலம் வரைக்கும் தாங்கும். மீனு தாங்குமா? வந்து ஒரு கை புடி."

என்ஜின் குளத்து நீரை உறிஞ்சி, உயரத்திலிருந்து குளத்திலேயே கொட்டியது. வெள்ளை நுரை. நுரை எட்டாத மூலைகளில் கைகள். பகல் முழுக்கக் கைகள்.

பிற்பகலில் வெயில் வந்தது. வெயில் சாயும்போது மின்சாரமும் வந்தது. சக்கரம் சுழன்றது.

செத்தவை ஒரு கூடை. புதைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். குளத்தில் ஒரு மீனும் கண்ணில் படவில்லை. மூச்சு கிடைத்து எல்லாம் அடியில் இறங்கிவிட்டன. எதுவுமே தெரியாத அந்தத் தண்ணீரைப் பார்த்து ஜொகரா அழுதாள்.

அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு கேட்டது. முகம் கைகால் கழுவி ஒளு செய்து, கொட்டகையில் பாய் விரித்துத் தொழுதாள். துஆ கேட்டு இறைவனிடம் கையேந்தப் போனாள். கைகள் எழவில்லை. நனைந்த சாக்குப்போல் கனத்தன. மடியிலேயே விரித்து வைத்துக்கொண்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

"என்ன கேட்டே?" என்றான் இபுராம்சா.

"தங்கப்பொண்ணக்கா வயல்ல தண்ணி வடியணும்னு."

"நமக்கு?"

"நமக்குக் குடுத்ததுக்கு நன்றி சொல்லிட்டேன். எந்திரிங்க, என்ஜினத் தள்ளுவோம்."

அவன் முன்னால் இழுத்தான். அவள் தோளால் முட்டித் தள்ளினாள். வயலில், முழங்கால் தண்ணீரில், தங்கப்பொண்ணு குழாயைப் பிடித்தபடி நின்றாள். முதல் சுற்றில் கிளம்பவில்லை. இரண்டாவதில் என்ஜின் இரைந்தது.

வாய்க்கால் நிறைந்து ஓடியது. நள்ளிரவு நெருங்கும்போது, டார்ச் வெளிச்சத்தில், வரப்போரமாக, பச்சை நுனிகள் ஒவ்வொன்றாய்த் தலைகாட்டின.