ஆக்சிலில் ஒரு கோடு

பொன்னுவேல் காலை எட்டு மணிக்கு மெக்கானிக் கடையில் காலி ஆயில் டின் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தவன், உச்சிவேளை வரை எழுந்திருக்கவில்லை. எதிரே இருந்த டீக்கடைக்குக்கூடப் போகவில்லை. அவனுடைய ஜீப் பின்பக்கம் மட்டும் மரக்கட்டைகளின் மேல் தூக்கி நின்றது. சக்கரங்கள் கழன்று கிடந்தன.

வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டு நகர்ந்தால் நல்ல சாமான் போய் மட்டமானது வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது ஏற்காட்டு ஜீப்காரர்களின் நம்பிக்கை. பொன்னுவேலுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. காப்பிப் பழம் பறிக்கும் பெண்களைத் தலைச்சோலையிலிருந்து கொட்டச்சேட்டுப் பக்கத்து எஸ்டேட்டுக்கு ஏற்றிப்போகும் சவாரி அந்தப் பருவத்துக்கு அவனுக்குக் கிடைத்திருந்தது. ஒரு நாள் வண்டி வராவிட்டாலும் இன்னொரு ஜீப்காரன் ஏசுராஜைக் கூப்பிட்டுக்கொள்வேன் என்று எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் சொல்லியிருந்தார். அந்த ஏசுராஜ், மெக்கானிக் தேவசிகாமணியின் மச்சினன்.

பின் ஆக்சில் நான்கு நாட்களாக உறுமியது. அதைப் பிரித்துக் கட்டத் தெரிந்தவர் மலைமேல் தேவசிகாமணி ஒருவர்தான். மறுநாள் சவாரி கெடக்கூடாது என்பதற்காக அவர் விடிகாலைப் பூசைக்குப் போய்வந்து ஞாயிற்றுக்கிழமையிலும் கடையைத் திறந்திருந்தார். அதுவே பொன்னுவேலுக்கு உறுத்தியது. ஓய்வு நாளில் ஒருவன் சும்மா கடை திறப்பானா?

தேவசிகாமணி பழைய எண்ணெயை வடித்தார். சக்கரங்களைச் சுழற்றும் இரண்டு பக்கத்து ஆக்சில் ராடுகளையும் உருவினார். கிரவுன் சக்கரம், பேரிங்குகள் என்று ஒவ்வொன்றாக மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கோணிமேல் வரிசையாக வைத்தார். ராடு ஒன்றைத் துடைக்கும்போது நின்றார்.

"ஏனுங்க பொன்னுவேலு, இந்த விளிம்புல என்னமோ கொறிச்சிருக்குதே, எலியா?"

சாமான் மாறினால் தெரியட்டும் என்று வெளியே தெரிந்த பாகங்களில் எல்லாம் முதல் நாளே அரத்தால் அடையாளம் கீறி வைத்தவன் பொன்னுவேல்தான். முகம் சிவந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"எலிதானுங்ணா. எங்கூரு எலிக்குப் பல்லு நொம்ப கெட்டி."

"எல்லாத்துலயும் எண்ணி மூணே பல்லு வெச்சிருக்குது. படிச்ச எலியாட்ட இருக்குது!"

அவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். திருட்டுப் பட்டம் சுமத்தப்பட்ட மனிதர் இப்படிச் சிரிக்கலாமா? அந்தச் சிரிப்பையும் பொன்னுவேல் சந்தேகக் கணக்கில்தான் சேர்த்தான்.

அவர் மனைவி தெரசம்மாள் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்தாள். பொன்னுவேலுக்கும் ஒரு தட்டு வைத்தாள். கவனத்தைத் திருப்பத்தான் என்று நினைத்து, கோணியைப் பார்த்தபடியே உண்டான். குழம்பு ருசியாக இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு தேவசிகாமணி இடப்பக்கத்து ராடை உலரத் துடைத்து, சாக்பீஸ் தூளைக் குழைத்து அதன்மேல் பூசினார். வெள்ளை வெளேரென்று அது வெயிலில் கிடந்தது.

"என்னங்ணா, இரும்புக்குத் துந்நூறு பூசறீங்க?"

"கொஞ்சம் பொறுங்க. அது வாயத் தொறந்து பேசும்."

சிறிது நேரத்தில், ராடு உள்ளே கியரில் மாட்டும் முனைக்கு அருகே, வெள்ளைமேல் தலைமயிர் போல ஒரு கருங்கோடு கசிந்து எழுந்தது.

"விரிசலுங்க. கழுவறப்ப உள்ள எறங்குன மண்ணெண்ண இப்ப வெளிய வருது. இந்த ராடு இனி ஆகாது. சேலத்துல இருந்து புதுசு வரோணும்."

பொன்னுவேலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. "கோடு நீங்களே போட்டதாட்ட இருக்குதுங்களே. எம்பட வண்டி நின்னா யாருக்கு லாபம்னு எனக்குத் தெரியாதுங்களா?"

தேவசிகாமணி கோபிக்கவில்லை. சாக்பீஸையும் துணியையும் அவனிடம் நீட்டினார். "உங்க கையாலயே கழுவுங்க. நீங்களே பூசுங்க. நான் தொடலை, போதுமா?"

பொன்னுவேல் கழுவினான், துடைத்தான், பூசினான். குந்தி உட்கார்ந்து இமைக்காமல் பார்த்தான். அதே இடத்தில் அதே கோடு எழுந்தது. பதினான்கு பெண்களோடு எஸ்டேட்டுக்குப் போகும் இறக்கத்தில் நேற்றும் போயிருக்கிறான்.

அப்போதும் மனம் முழுதாக இறங்கவில்லை. தேவசிகாமணி மனைவியை ஓரமாகக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். அவள் ஏரிப்பக்கம் வேகமாக நடந்தாள். அந்தப் பக்கம்தான் ஏசுராஜ் வீடு. சவாரி போயிற்று என்று பொன்னுவேல் தலையில் கைவைத்துக்கொண்டான்.

அரைமணி நேரத்தில் ஏசுராஜே ஜீப்போடு வந்தான். இறங்கி, சாவியைப் பொன்னுவேல் கையில் வைத்தான்.

"நாளைக்கு எனக்குச் சவாரி இல்லை. ராடு வர்ற வரைக்கும் இத ஓட்டிக்குங்க. மூணாவது கியர் மட்டும் கொஞ்சம் அடம் புடிக்கும்."

பொன்னுவேல் நன்றி சொல்லவில்லை. குனிந்து அந்த ஜீப்பின் அடியில் தலையை விட்டு ஆக்சிலைப் பார்த்தான்.

"பாத்துக்குங்க, பாத்துக்குங்க. மாமன் போன மாசந்தான் அதுக்கும் வெள்ளையடிச்சாரு" என்றான் ஏசுராஜ்.

சந்தேகப்படுகிறவனைத் திட்டித் திருத்துவது கடினம். அவன் பார்க்கட்டும் என்று ஒதுங்கி நின்ற அந்த மாமன் மச்சினன் இருவரின் பொறுமையை ஆண்டவன் கவனித்திருப்பார்.

மறுநாள் அதிகாலை தேவசிகாமணி முதல் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினார். பொன்னுவேல் பெண்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்தபடி வந்தான். தன் வண்டியில் விரிசல் என்று தெரிந்தால் ரைட்டர் இனி ஆளேற்ற விடுவாரா?

எஸ்டேட் வாசலில் ரைட்டர் வண்டியைச் சுற்றிவந்தார். "இது ஏசுராசு ஜீப்பாச்சே?"

பின்னால் இறங்கிக்கொண்டிருந்த பெண்களைப் பொன்னுவேல் ஒருமுறை பார்த்தான். தயார் செய்தது நாக்கில் வரவில்லை.

"ஆமாங்க. எம்பட வண்டி ஆக்சில்ல விரிசல். தேவசிகாமணியண்ணன் கழுவிப் பாத்துக் கண்டுபுடிச்சாரு. இல்லீன்னா இன்னைக்கு இவங்களோட பள்ளத்துல கெடந்திருப்பேன். புது ராடு மாட்டாம அத எடுக்க மாட்டேனுங்க."

ரைட்டர் புருவத்தை உயர்த்தினார். "உம்பட சவாரி நின்னா அவனுக்குத்தானே வந்திருக்கும்? எதுக்கு வண்டியக் குடுத்தான்?"

"நேத்துலிருந்து அதத்தானுங்க யோசிக்கறேன்" என்றான் பொன்னுவேல். "உள்ள என்னமோ இருக்கும்னு எல்லாப் பக்கமும் தேடிப் பாத்துட்டேனுங்க. ஒண்ணுமே இல்லீங்க."

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துரு" என்று சொல்லிவிட்டு ரைட்டர் உள்ளே நடந்தார்.