அக்கா ஓட்டினால் மட்டும்

அக்கா தன் வண்டியை என் மனைவியின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தது ரிப்பேர் பார்ப்பதற்காக அல்ல. மறுநாள் சனிக்கிழமை, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஆளிடம் அதைத் தள்ளிவிடப் போகிறாள். அதற்கு முன்னால் நான்கு டயரும் கழற்றி வைத்துக்கொள்ளத் தகுந்தவைதானா என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

"டயரை மட்டும் பார்த்துச் சொன்னாப் போதும்மா" என்று சாவியை நீட்டினாள். "கியர்பாக்ஸ் போயிடுச்சு. பெரிய ஒர்க்‌ஷாப்புல எழுதியே கொடுத்துட்டாங்க. வேற மாத்துற செலவுக்கு இந்த மாதிரி வண்டி ரெண்டு வாங்கலாமாம்."

என் மனைவி அந்தக் காகிதத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். பிறகு மடித்துத் தன் நீலக் கோட்டின் மேல் பையில் வைத்துக்கொண்டாள். அந்தக் கோட்டைத் தைத்தவன் நான். தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். வெள்ளிக்கிழமை கடை விடுமுறை என்பதால், "துணைக்கு வாடா" என்று அக்கா என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். தம்பி பெண்டாட்டியிடம் தனியாக வந்து நிற்க அவளுக்குக் கூச்சம்.

கூச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் நகரத்தின் மற்ற ஒர்க்‌ஷாப்காரர்களே பெட்டியைக் கழற்றி என் மனைவியிடம்தான் அனுப்புவார்கள். ஆனால் எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடத்தில் எங்கள் குடும்பத்து வண்டி ஒன்றுகூட அவள் வாசலில் நின்றதில்லை. எல்லாம் அவள் வாசலைத் தாண்டித்தான் வேறு இடத்துக்குப் போகும். "வீட்டு மனுஷங்ககிட்ட வேலை கொடுத்தா நாளைக்கு ஒரு குறை சொல்ல முடியாது பாரு" என்பாள் அக்கா. அவளுக்கு நம்பிக்கை இல்லை என்பது எனக்குத் தெரியும். என் மனைவிக்கும் தெரியும். ஒருநாள்கூட அவள் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. நானாவது அக்காவிடம் பேசியிருக்கலாம். பேசவில்லை.

பெண் பார்க்கப் போன அன்றே அக்கா முகத்தைச் சுளித்தவள். "பொண்ணு கொடிக்கம்பம் மாதிரி இருக்கா. இவன் அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிக்குவான்" என்று மாமாவிடம் கிசுகிசுத்தது கூடம் முழுக்கக் கேட்டது. எனக்கு இதுவரை கழுத்து சுளுக்கவில்லை.

மனைவி டயர் பக்கம் போகவில்லை. பானெட்டைத் திறந்து கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவுக் கம்பியை உருவினாள். நுனியில் இருந்த எண்ணெயை ஒரு வெள்ளைத் தாளில் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மோந்தாள். மறுபடி மோந்தாள்.

"வண்டியை வித்துடாதீங்க அண்ணி. கியர்பாக்ஸ் நல்லா இருக்கு."

"என்னது, மோந்து பார்த்தே சொல்லிடுவியா?"

"உள்ள தேய்ஞ்சிருந்தா எண்ணெய் கருகின வாடை அடிக்கும். துகள் இருக்கும். இது சுத்தமா இருக்கு."

"அப்ப எழுதிக் கொடுத்தவன் முட்டாளா? சரிம்மா. நீ கெட்டிக்காரின்னா இன்னைக்குள்ள நிரூபிச்சுக் காட்டு. நாளைக்குக் காலையில ஆள் வந்துடுவார்."

ஒர்க்‌ஷாப்பின் வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.  இன்றைக்கு என் மனைவி சொன்னது தப்பாகிவிட்டால், எங்கள் குடும்பத்தில் இனி ஒருவரும் அவள் முன்னால் ஒரு சைக்கிள் மணியைக்கூடக் கழற்ற மாட்டார்கள்.

முதலில் மனைவியே ஓட்டினாள். அக்கா பக்கத்தில், நான் பின்னால். ரவுண்டானாவைச் சுற்றி, மருத்துவமனை மதிலை ஒட்டிய நீளச் சாலையில் போய், பாலம் ஏறி இறங்கினோம். கியர் மாறுவது, தூங்குகிற குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுவது போல இருந்தது. ஓர் அசைவு, அவ்வளவுதான்.

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "அங்கேயும் இதே கதைதான். அவங்க ஆள் ஓட்டும்போது ஒண்ணும் பண்ணலை. அப்புறம் கம்ப்யூட்டர்ல என்னமோ வந்திருக்குன்னு கியர்பாக்ஸ் பக்கம் கையைக் காட்டிட்டாங்க. ஆறு மாசமா நான் பொய்யா சொல்லிட்டிருக்கேன்?"

"நீங்க பொய் சொல்லலை. இப்ப நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

இது என் மனைவியின் பழக்கம். எந்த வண்டி வந்தாலும், சொந்தக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு, பின் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து, ஓர் உள்ளங்கையை வண்டியின் தரையில் வைத்துக்கொள்வாள். ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் அவளை மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் மட்டும் 'மேஸ்திரி தியானத்துல இருக்காங்க' என்பார்கள்.

நான் முன் சீட்டுக்கு மாறினேன். மாறும்போது ஓட்டுநர் இருக்கையின் உறையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன். அக்காவின் பிறந்தநாளுக்கு நான் தைத்துக் கொடுத்தது. கெட்டித் துணி, இரட்டைத் தையல். இருக்கையிலிருந்து தரை வரை இறங்கும் மடிப்பில், அவள் நர்சரியின் செடி வெட்டும் கத்தரிகளை வைக்க மூன்று பைகள். சொல்லக் கூடாது, கடையில் வாங்கினால் இப்படிக் கிடைக்காது.

அக்கா சீட்டை இழுத்து ஸ்டீயரிங்கை நெருங்கி உட்கார்ந்து வண்டியை எடுத்தாள். இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறியபோது யாரோ பின்னாலிருந்து பலகையால் அறைந்தது போல ஓர் இடி. என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. பாலம் ஏறும்போது இன்னொன்று. இறங்கும்போது இன்னொன்று.

"பார்த்தியா? பார்த்தியா?" என்றாள் அக்கா, பரீட்சையில் பாஸானவள் போல.

அடுத்த ரவுண்டு மனைவி ஓட்டினாள். ஒன்றுமில்லை. பிறகு என்னை ஓட்டச் சொன்னாள். இடித்தது, ஆனால் லேசாக, எப்போதாவது. ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி நிறுத்தியதும் நடந்ததைக் கேட்டு வெல்டர் தீர்ப்புச் சொன்னார்.

"அக்கா ஓட்டினா முழு இடி. மாஸ்டர் ஓட்டினா அரை இடி. மேஸ்திரி ஓட்டினா சத்தமே இல்லை. வண்டிக்கு மரியாதை தெரியுது."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "அப்ப கோளாறு என்கிட்டதான்னு சொல்றீங்க. பதினாலு வருஷமா இந்த வண்டியை நான்தான் ஓட்டறேன். நர்சரி ஆரம்பிச்சு என் சொந்தக் காசுல வாங்கின முதல் வண்டி இது. எனக்கு ஓட்டத் தெரியலையா?"

அவள் குரல் கடைசியில் உடைந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் இந்த வண்டியை விற்க விரும்பவே இல்லை என்று.

மனைவி ஸ்கேனரை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கோளாறு உங்ககிட்ட இல்லை அண்ணி. கியர்பாக்ஸ் கெட்டிருந்தா யார் ஓட்டினாலும் இடிக்கும். நீங்க ரெண்டு பேரும் ஓட்டினப்ப மட்டும் கியர்பாக்ஸுக்குப் போற கரண்ட் ஒரு நொடி விட்டு விட்டுப் போயிருக்கு. ஏன்னுதான் தெரியலை."

"தெரியலைதானே? விடு. ஆளை இன்னைக்கே வரச் சொல்லிடறேன்." அக்கா கைப்பேசியை எடுத்தாள்.

"பத்து நிமிஷம் கொடுங்க."

மனைவி வண்டியை லிஃப்ட் பக்கம் நகர்த்த உள்ளே ஏறப்போனாள். கடைசியாக ஓட்டியவன் நான். அவள் முழங்கால் ஸ்டீயரிங்கில் நங்கென்று இடித்தது. வழக்கம்போல சீட்டைப் பின்னால் தள்ளக் கையைக் கீழே கொண்டுபோனவள், ஒரு கால் தரையிலும் ஒரு கால் வண்டியிலுமாக அப்படியே நின்றாள்.

"நான் மட்டும்தான் சீட்டைப் பின்னாடி தள்ளி ஓட்டறேன்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

இறங்கி மண்டியிட்டாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, நான் தைத்த மடிப்பைத் தூக்கிச் சீட்டுக்கு அடியில் தலையை நுழைத்தாள். "அண்ணி, சீட்டை முன்னாடி தள்ளுங்க... இப்ப பின்னாடி... மறுபடி முன்னாடி" என்று உள்ளிருந்து அவள் குரல் வந்தது. அக்கா கைப்பேசியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் தள்ளினாள், இழுத்தாள். 

வெளியே வந்தபோது மனைவியின் முகத்தில் ஒரு விசித்திரமான பார்வை. அது என்மீது இருந்தது.

"இங்க வந்து இந்த முடிச்சைப் பாருங்க."

குனிந்து பார்த்தேன். சீட் உறை நழுவாமலிருக்க அடியில் கட்டிய நைலான் நாடா. இரண்டு சுற்று, உள்வாங்கிய இரட்டை முடிச்சு, நுனி பிரியாமலிருக்கத் தீக்குச்சியால் சுட்டு உருட்டியது. இந்த நகரத்தில் அப்படி நுனியைச் சுடுகிறவன் நான் ஒருவன்தான். சீட்டின் கம்பி என்று நினைத்து நான் கட்டியிருந்தது கம்பி இல்லை. கறுப்பு உறைக்குள் ஓடும் ஒயர் கட்டு.

"கியர்பாக்ஸுக்கு உத்தரவு போடற கம்ப்யூட்டர் பெட்டி, இந்த வண்டியில டிரைவர் சீட்டுக்கு அடியிலதான் இருக்கு" என்று மனைவி அக்காவுக்கு விளக்கினாள். "நீங்க சீட்டை முன்னாடி இழுக்கும்போதெல்லாம் நாடா ஒயரை இழுக்குது. பிளக்குல ரெண்டு முனை தளர்ந்துபோச்சு. கரண்ட் ஒரு கணம் விட்டாலும் கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாத்திக்க முழு அழுத்தத்தோட கியரைப் போடும். அதுதான் அந்த இடி. நான் சீட்டைத் தள்ளிக்கிட்டு உக்காந்தா நாடா தொளதொளன்னு ஆயிடுது."

அக்கா என்னைப் பார்த்தாள். ஆறு மாதத்துக்கு முன்னால்தான் அவள் பிறந்தநாள்.

"அடப்பாவி! நீயா?"

வெல்டர் ஒரு டிரம்மைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கண்டுபிடித்தவள் சிரிக்கவில்லை.

"பெரிய ஒர்க்‌ஷாப்பையும் குறை சொல்ல முடியாது அண்ணி. இவ்வளவு அழகாத் தைச்ச துணியைத் தூக்கிப் பார்க்க யாருக்கு மனசு வரும்?"

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் ஒயர் வெட்டும் பக்கவெட்டியை எடுக்கப் போய்விட்டாள். காது நுனியில் எண்ணெய் தீற்றல். இவளை எனக்குக் கொடுத்தார்களே என்று இருந்தது.

பிளக்கின் இரண்டு முனைகளையும் வெட்டிப் புதிது பொருத்தினாள். ஒயர் கட்டைத் தரையோடு கிளிப் போட்டு இறுக்கினாள். நாடாவை உண்மையான கம்பியில் என்னையே கட்டச் சொல்லி, கட்டியதை இழுத்துப் பார்த்துச் சரி என்றாள். கியர்பாக்ஸ் ஆறு மாதமாகக் கற்றுக்கொண்ட தப்புப் பாடத்தையெல்லாம் ஸ்கேனரால் அழித்துவிட்டு, "இனி அரைமணி நேரம் மெதுவா ஓட்டணும். அதுவா மறுபடி பழகிக்கும்" என்று சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறினாள்.

அக்கா சீட்டை எவ்வளவு முன்னால் இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தாள், சண்டைக்குப் போகிறவள் மாதிரி. மதில் சாலை. ஒன்று. இரண்டு. நான் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டேன். மூன்று எப்போது வந்தது என்று தெரியவில்லை. பாலத்தில் ஏறினோம், இறங்கினோம்.  அக்கா சுற்றித் திரும்பிவந்து பாலத்தில் மறுபடி ஏறினாள்.

பெரிய சந்திப்பில் சிவப்பு விளக்கு. ஸ்கூட்டரில் பக்கத்தில் வந்து நின்றவர், அக்காவிடம் செடி வாங்கும் ஓட்டல் தோட்டக்காரர். அக்கா கண்ணாடியை இறக்கினாள்.

"என்னக்கா, கியர்பாக்ஸ் போச்சு, வண்டியை விக்கறேன்னீங்க?"

"எவனோ சொன்னான், நானும் நம்பிட்டேன். வீட்டுலயே மெக்கானிக்கை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் அலைஞ்சிருக்கேன் பாரு."

தோட்டக்காரர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். "தம்பி மெக்கானிக்கா?"

"இவனா? இவன் கெடுத்தவன். சரி பண்ணினவ பின்னாடி இருக்கா பாரு, தலை கூரையில முட்டற அளவுக்கு. எங்க வீட்டுப் பொண்ணு. பேச்சுக் கொடுத்துடாதே, கண்ணை மூடிக் கேட்டுட்டிருக்கா." பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன்கள் கத்தின. அக்கா சாவகாசமாக முடித்தாள். "உங்க முதலாளி வண்டியும் பாலத்துல திணறுதுன்னாரே, கொண்டுவரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

வண்டி நகர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். என் மனைவியின் கண்கள் மூடியே இருந்தன, கை தரையில் இருந்தது. உதடுகளின் சிரிப்பு மட்டும் கட்டுக்குள் இல்லை.

"இன்னொரு ரவுண்டு போகலாமா அண்ணி?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"எத்தனை வேணும், சொல்லு" என்றாள் அக்கா.