மிதவைக்குள் பெட்ரோல்

சாப்பாட்டு மேசையைக் கார்புரேட்டர்கள் பிடித்துக்கொண்டதிலிருந்து கடைசல்காரரும் அவர் மனைவியும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்கள். காலமெல்லாம் லேத் பட்டறை இரைச்சலில் இரும்பு கடைந்து ஓய்ந்தவர், ஆசைப்பட்டு ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். இன்ஜினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் அதன் இரண்டு கார்புரேட்டர்களையும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, புது கேஸ்கெட் போட்டுப் பூட்டினார். ஸ்டார்ட் செய்தால் ஒன்று மட்டும் பெட்ரோலைக் கக்கியது. இன்ஜின் இருமிவிட்டு நின்றது.

மறுபடி கழற்றியபோது அவருக்கே அலுத்துப்போயிற்று. உள்ளே மிதந்து பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினார். அதில் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்தால் மிதக்காமல் மூழ்கிவிடும்.

"ஓட்டை கீட்டை எதுவும் இல்ல. காலியாத்தான் இருக்கு."

தட்டெடுக்க வந்த மனைவி நின்றாள். "என்னங்க, உள்ள சலக் சலக்னு கேக்குதே?"

"எங்க?"

"உங்க கையிலதான்."

அவர் வலது காதில் வைத்துக் குலுக்கினார். இடது காதுக்கு மாற்றினார். ஒன்றுமில்லை. கையில் மட்டும் ஏதோ லேசாக ஆடியது.

"வாய்க்குள்ளயே பேசினா எப்படிக் கேக்கும்?" என்று இத்தனை நாளும் அவளைத்தான் குறை சொல்லி வந்தார். பித்தளை மிதவை வாய்க்குள் பேசாது. அவர் தலை நிமிரவில்லை.

அவள் அடுப்படிக்குப் போய் ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதில் மிதவையை அமுக்கினார். ஒட்டுவாயின் ஓரத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே இருந்த பெட்ரோலைச் சொட்டில்லாமல் வடித்து, ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தார். எல்லாவற்றையும் காரில் பூட்டியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கக்கல் நின்றுவிட்டது. இனி ஓட்டத்தைச் சீராக்க வேண்டும். அதற்குக் காதுதான் வேண்டும். திருப்புளியோடு கொஞ்ச நேரம் குனிந்தே நின்றார்.

பிறகு வாசல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "இங்க வந்து நில்லேன். நான் திருப்பறேன், சத்தம் ஒரே சீரா வந்ததும் சொல்லு."

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "இன்னும் கொஞ்சம்... அய்யோ, கூடிப்போச்சு, பின்னாடி திருப்புங்க... ம், இதுதான்!" என்று அவர் தோளைத் தட்டினாள்.

அவர் திருப்புளியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நீ சொன்ன அந்தக் காது டாக்டர்கிட்ட எப்பப் போலாம்?"

"நாளைக்கே போலாம்."

"என்னது?"

அவள் இன்ஜினையும் மிஞ்சிக் கத்தினாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.