பங்க் முன்னால் ஒரு விசில்

“போன மழைக்காலத்துலயே அவருக்கு ஒண்ணுக்குல ரத்தம் போச்சா? உனக்கு எப்படிடி தெரியும்?”

டிரைவர் பெண்டாட்டி போட்ட சத்தத்தில், கூடத்தில் நாற்காலி தேடிக்கொண்டிருந்தவர்கள் தேடுவதை நிறுத்தினார்கள். டிரைவர் மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் நடுவில் படுத்திருந்தார். விடியற்காலையில்தான் மூச்சு நின்றிருந்தது.

எதிரே கண்டக்டர் பெண். டியூட்டியிலிருந்து நேராகக் காக்கிச் சட்டையோடு வந்தவள், யாரோ கேட்டதற்கு வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

“மெதுவாப் பேசுங்கக்கா. ஆளுங்க இருக்காங்க.”

“இருக்கட்டும். எனக்குக் கோடையிலதான் சொன்னாரு. கட்டினவளுக்குக் கோடையில.”

ஒரே பஸ்ஸில் அவர் முன்னால், இவள் பின்னால் என்று பல வருஷம். தெருவில் அதைப் பேசாத வாய் இல்லை. டிரைவர் பெண்டாட்டி துவைக்கும்முன் அவர் சட்டையை மோந்து பார்ப்பாள். டீசல் வாசனைதான் வரும். அதிலும் அவளுக்குத் திருப்தி இல்லை.

மூத்திரப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது டாக்டர் இரண்டு வழி சொன்னார். பையையே எடுத்துவிட்டு, வெளியே வயிற்றில் ஒரு பை ஒட்டிக்கொள்வது. இல்லையென்றால் உள்ளே மருந்து விட்டுக் கழுவிப் பார்ப்பது. எடுப்பதுதான் நல்லது என்றார். பெண்டாட்டி எடுங்கள் என்றாள். டிரைவர் கழுவினால் போதும் என்று ஒற்றைக் காலில் நின்றார். யார் தூண்டிவிட்டு நிற்கிறார் என்று அவள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

“நீதானே வேணாம்னு சொன்ன?”

“நானா? எடுத்துடுங்கண்ணேன்னு தொண்டை வத்தச் சொன்னேன்.” கண்டக்டர் தோல்பையை மடியில் இழுத்துக்கொண்டாள். “பெட்ரோல் பங்க் வர்றதுக்குள்ள அவரால ஒண்ணுக்கை அடக்க முடியாதுக்கா. அங்க கக்கூஸ் இருக்குன்னு விசில் கொடுத்து நிறுத்துவேன். டயர் பாக்கறாருன்னு ஜனங்ககிட்ட சொல்லிடுவேன். திட்டு பூரா எனக்குத்தான். ஒருநாள் திரும்பி வந்து, சிவப்பாப் போகுதும்மான்னாரு. வீட்ல சொல்லுங்கன்னேன். மாட்டேன்னுட்டாரு.”

“ஏன், நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?”

“அப்புறம் டாக்டர் சொன்னதும், ஏன் எடுக்க மாட்டேங்கறீங்கன்னு கேட்டேன். பையைக் கட்டிக்கிட்டு ஊர் பூரா பஸ் ஓட்டிடுவேன், அவ பக்கத்துல எப்படிம்மா போய்ப் படுக்கறதுன்னாரு.”

கூடத்தில் யாரோ இருமினார்கள். டிரைவர் பெண்டாட்டி அவர்மேல் கிடந்த போர்வை ஓரத்தை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

“இதையும் உங்கிட்டதான் சொல்லணுமா அவரு” என்றாள், சத்தமே இல்லாமல்.

அடுத்த வருஷம் கண்டக்டர் பெண் வேறு டிப்போவுக்கு மாற்றல் வாங்கிப் போய், அங்கே ஒரு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாள். டிரைவர் பெண்டாட்டி கல்யாணத்துக்குப் போகவில்லை. போய்வந்த ஒருவரையும் விடாமல், மாப்பிள்ளை எப்படி என்று விசாரித்தாள்.

மார்க்கெட்டுக்குச் சீக்கிரம் போகிற பஸ் தெரு முனையிலேயே நிற்கிறது. ஆனால் அவள் புருஷன் ஓட்டிய பழைய ரூட்டில்தான் ஏறுகிறாள், டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால். பங்க் நெருங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்க்கிறாள். புதுக் கண்டக்டர் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறான். பஸ் நிற்காமல் போகிறது.