கதவு, சாத்து!

“அக்கா! நம்ம கதவு செத்துப் போச்சு!”

உள்ளறையிலிருந்து தம்பி போட்ட கூச்சலில், முன்னறையில் கிளட்ச் பாடம் கேட்டுக்கொண்டிருந்த வங்கி அதிகாரி பேனாவைத் தவறவிட்டார். பிரேக் அக்கா எழுந்து ஓடினாள்.

பிரேக் அக்கா என்பது பட்டப்பெயர். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் இல்லையா? அதை அவள் மிதிக்கிற வேகத்தில் பல் ஆடிப்போன யாரோ வைத்த பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை, தம்பியைத் தவிர.

தம்பி லாரி ஓட்டியவன். ஒரு மழைநாளில் வளைவில் லாரி கவிழ்ந்ததிலிருந்து, கழுத்துக்குக் கீழே உள்ள எதுவும் அவன் பேச்சைக் கேட்பதில்லை. ஆனால் அறை கேட்டது. “கதவு, சாத்து” என்றால் சுவரிலிருக்கும் வெள்ளைப் பெட்டி ‘டிங்’ என்னும். மேலே இருக்கிற மோட்டார் கதவைச் சாத்தும். “கதவு, திற” என்றால் திறக்கும். விளக்கும் விசிறியும் அப்படியே.

இன்று கதவு ஆவென்று திறந்து கிடந்தது. பெட்டியில் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் முழித்துக்கொண்டிருந்தது.

அக்கா போனை எடுத்தாள். கம்பெனி ஆப்பில் பூங்கொத்துப் படத்தோடு ஒரு செய்தி: ‘இத்தனை காலம் எங்களோடு இருந்ததற்கு நன்றி! உங்கள் மாடலுக்கான சேவை இன்றோடு நிறைவடைகிறது. எல்லாச் சாதனங்களையும் நீங்கள் வழக்கம்போல் கையால் இயக்கலாம்.’

“கையாலயா?” தம்பி சிரித்தான். “பதில் போடுக்கா. வலது கை ஒண்ணு, இடது கை ஒண்ணு, பார்சல்ல அனுப்பச் சொல்லு.”

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

எலெக்ட்ரீஷியன் வந்தார். ஏணியில் ஏறினார், இறங்கினார், உதட்டைப் பிதுக்கினார்.

“மோட்டார் நல்லாருக்கு, ஒயர் நல்லாருக்கு, பெட்டியும் கல்லு மாதிரி இருக்கும்மா. தம்பி சொல்றது இங்கருந்து கம்பெனி கம்ப்யூட்டருக்குப் போய், அங்கருந்து உத்தரவு திரும்பி வரணும். அங்க கடையைச் சாத்திட்டான்.”

“வேற கம்பெனி பெட்டி மாட்டினா?”

“இந்த மோட்டார் வேற யார் பேச்சையும் கேக்காது. செவுத்தை உடைச்சு எல்லாத்தையும் மாத்தணும்.”

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. கதவைத் திறந்து வைத்தால், டிரைவிங் கற்க வருகிறவர்கள் முன்னறையில் உட்கார்ந்தபடியே தம்பியின் கட்டிலைப் பார்த்தார்கள். தினமும் வந்துபோகிற நர்ஸ் துணி மாற்றிவிட்டுப் போகும்போது, இழுத்துவிடாத போர்வையையும் பார்த்தார்கள். “டிக்கெட் போட்டுடுக்கா, நல்ல வசூலாகும்” என்றான் தம்பி.

ஒருநாள் எவரோ எட்டியே பார்த்துவிட, கோபத்தில் அக்கா கதவை அறைந்து சாத்திவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது தம்பி உள்ளே வியர்வையில் ஊறிக் கிடந்தான். விசிறி ஓடவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருந்தது.

“திறந்தா கண்காட்சி, சாத்தினா ஜெயில்” என்றான். அன்று அவன் ஜோக் அடிக்கவில்லை. “எனக்குன்னு மிச்சம் இருந்தது அந்தக் கதவு ஒண்ணுதான்க்கா.”

பிரேக் அக்கா கார் சாவியை எடுத்தாள்.

கம்பெனி ஷோரூமில் குளிர் எலும்பைத் தொட்டது. கழுத்துப்பட்டி அணிந்த மேனேஜர் பல்லெல்லாம் தெரிய வரவேற்றார்.

“புது மாடல் எடுத்துக்குங்க மேடம். பழைய வாடிக்கையாளர்னு ஸ்பெஷல் தள்ளுபடி.”

“பழசுக்கு என்ன குறை?”

“குறையே இல்ல மேடம். அதோட காலம் முடிஞ்சுது.”

“யார் முடிச்சது?”

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள், சுவரிலிருந்த பெரிய திரை பேசியது. அக்காவுக்கு மிகப் பழகிய குரல்.

“கதவு, சாத்து.”

திரும்பினாள். திரையில் அவள் தம்பி! மழமழவென்று சவரம் செய்த முகம், வாரிய தலை, அவனுடைய அதே அறை. பெட்டி மாட்டிய புதிதில் கம்பெனிக்காரர்கள் கேமராவோடு வந்து எடுத்துக்கொண்டு போனது. கதவு அழகாகச் சாத்திக்கொள்ள, கீழே எழுத்துகள் மின்னின: ‘கை வேண்டாம். குரல் போதும்.’ அடுத்து வந்தது புது மாடலின் படம்.

கதவைப் பிடுங்கியவர்கள், அந்தக் கதவைக் காட்டியே வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள்.

“இது யாருன்னு தெரியுமா?”

மேனேஜர் திரையை ஒரு தடவை பார்த்தார். “யாரோ மாடல், மேடம்.”

கையிலிருந்த சாவிக்கொத்தை அவர் மூஞ்சியில் எறியாமலிருக்க அக்கா முழு பிரேக்கையும் போடவேண்டியிருந்தது.

அவளிடம் கார் கற்றுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி வக்கீல். வாதத்தில் புலி, ரிவர்ஸில் பூனை. மறுநாள் காலை வகுப்பில் அக்கா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

“நல்லா கேளுங்கக்கா,” என்றாள் வக்கீல், ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடி. “பொருளை வித்துட்டு அதோட உயிரை அவங்க பையிலயே வச்சுக்கிட்டாங்க. எவ்வளவு நாள் வச்சிருப்போம்னு விக்கும்போது சொன்னாங்களா?”

“மூச்சு விடல.”

“அப்போ அது சேவைக் குறைபாடு. விளம்பரத்துல ஒண்ணு சொல்லிட்டு இப்போ கையால இயக்குன்னா, அது தவறான விளம்பரம். ரெண்டுக்கும் கேக்கலாம்.”

“ஆனா ஆப்புல ‘சம்மதம்’னு நான்தானே அமுக்கினேன்? படிக்காம.”

“ஊரே படிக்காமத்தான் அமுக்குது. ‘எப்ப வேணா நிறுத்துவோம், நீ வாயைத் திறக்கக் கூடாது’ன்னு ஒரு பக்கமா எழுதினா, அது நியாயமில்லாத ஒப்பந்தம்னு நுகர்வோர் மன்றம் தள்ளலாம். சண்டை போட இடம் இருக்குக்கா.”

“லெஃப்ட்ல சைக்கிள்!”

அக்காவின் கால் தானாக இறங்கியது. கார் குலுங்கி நின்றது. சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். அக்கா தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதே கதைதான் வக்கீலம்மா. ஸ்டீயரிங் நம்ம கையில, இன்னொரு பிரேக் கம்பெனிக்காரன் காலுக்குக் கீழ. நானாவது காருக்கு மேல போர்டு போட்டிருக்கேன். அவன் அதையும் சொல்லல.”

“இதை அப்படியே அங்க வந்து சொல்லுங்க” என்றாள் வக்கீல்.

நுகர்வோர் மன்றத்தில் தம்பியைச் சக்கர நாற்காலியில் உருட்டிக்கொண்டு போனார்கள். இத்தனை நாள் வளர்ந்த தாடி நெஞ்சைத் தொட்டது. சவரம் வேண்டாம் என்று அவனே பிடிவாதமாகச் சொல்லியிருந்தான்.

கம்பெனிக்காக வக்கீலும் அதே மேனேஜரும் வந்திருந்தார்கள். தலைமை இருக்கையில் கண்ணாடி அணிந்த ஓர் அம்மாள்.

“சாதனத்தின் அடிப்படைப் பயன்பாடு எதையும் நாங்கள் பறிக்கவில்லை,” என்று ஆரம்பித்தார் கம்பெனி வக்கீல். “கதவு கதவாகவே இருக்கிறது. கையால் தாராளமாகத் திறக்கலாம். குரல் வசதி என்பது கூடுதல் சொகுசு. பழைய மாடலை இனி இயக்குவது தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமில்லை. இருந்தாலும் பெருந்தன்மையோடு புது மாடலை இலவசமாகவே தருகிறோம்.”

“புதுசை எத்தனை காலம் ஓட்டுவீங்க?” என்று கேட்டார் அம்மாள். “எழுதிக் கொடுப்பீங்களா?”

கம்பெனி வக்கீல் காகிதங்களைப் புரட்டினார்.

“அது… அப்படி எழுதற வழக்கமில்ல மேடம்,” என்ற மேனேஜர் அவசரமாக லேப்டாப்பைத் திருப்பினார். “புதுசு எவ்வளவு அருமைன்னு பாருங்க, நீங்களே அசந்துடுவீங்க.”

அக்காவின் வக்கீல் தன் பையிலிருந்து எடுக்கப்போன பென் டிரைவை மெல்ல உள்ளே தள்ளினாள். அவள் போட்டுக்காட்ட வந்ததை அவர்களே போடப்போகிறார்கள்!

லேப்டாப் பேசியது. “கதவு, சாத்து.”

“கதவு, சாத்து” என்றது அறையின் மறுமூலையிலிருந்து அதே குரல்.

எல்லாத் தலையும் திரும்பியது. அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். லேப்டாப்பைப் பார்த்தார். தாடியைப் பார்த்தார்.

“அது நான்தாங்க” என்றான் தம்பி. “அது என் ரூம். சொகுசுன்னு சொல்றாரே, அந்தக் கதவு இப்போ சாத்தாது. சாரோட படத்துல மட்டும்தான் சாத்தும்.”

மேனேஜர் லேப்டாப்பைப் படக்கென்று மூடினார்.

“‘கை வேண்டாம், குரல் போதும்’னு நீங்களே எழுதியிருக்கீங்க,” என்றார் அம்மாள், ஒவ்வொரு சொல்லாக. “அதைச் சொல்லி இவருக்கு வித்தீங்க. இவரைக் காட்டி மத்தவங்களுக்கு விக்கிறீங்க. இப்போ கையால திறன்னா எப்படி?”

“மேடம், இவருக்குச் செஞ்சா எல்லாரும் கேப்பாங்க!”

“கேக்கட்டும்.”

பிரேக் அக்கா தன் பிரேக் கதையைச் சொல்லத் தேவையே வரவில்லை. வழக்கு முடியும்வரை இடைக்கால உத்தரவு போட்டார் அம்மாள்: பழைய சேவையை உடனே திறக்க வேண்டும், முடியாதென்றால், கம்பெனியின் தயவில்லாமல் வீட்டுக்குள்ளேயே பெட்டி வேலை செய்யும்படி மென்பொருளை மாற்றித் தர வேண்டும். விளம்பரம் அதுவரை எங்கேயும் ஓடக்கூடாது.

கம்பெனி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. இளம் இன்ஜினியர் ஒருவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். பெட்டியில் ஒரு வயரைச் செருகினார். லேப்டாப்பில் ஏதோ தட்டினார். அக்கா வைத்த டீ ஆறுவதற்குள் வயரைப் பிடுங்கினார். பெட்டியின் சிவப்புப் பொட்டு பச்சையானது.

“முடிஞ்சுதா?” என்றாள் அக்கா.

“முடிஞ்சுதுக்கா. இனிமே வெளிய யார்கிட்டயும் உத்தரவு கேக்காது. உங்க வீட்டுக்குள்ளயே ஓடும்.”

“இவ்வளவுதானா? இதைத்தான் சாத்தியமே இல்லன்னு சாதிச்சீங்களா?”

இன்ஜினியர் டீயைத் தொடவில்லை. “சாத்தியம்தாங்க. செய்ய வேணாம்னு சொல்லிட்டாங்க.”

அக்காவுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. தொண்டை கட்டிப் போன அந்த மதியம், எட்டிப் பார்த்த முகங்கள், இழுத்துவிடாத போர்வை. எல்லாவற்றுக்கும் விலை ஒரு டீ ஆறுகிற நேரம். இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பெட்டி சிவப்புப் பொட்டோடு முழித்துக்கொண்டிருக்கிறதோ!

“அந்த வீட்டுக்காரங்க எல்லாரையும் தேடிப் பிடிக்கணும்டா” என்று கட்டிலருகே நின்று பொரிந்தாள். “ஒருத்தர் விடாம மன்றத்துக்கு இழுத்துட்டுப் போகணும். அந்த மேனேஜரை—”

“அக்கா.”

“என்னடா?”

“வெளிய போய்த் திட்டேன்.”

அவள் அறை வாசலைத் தாண்டினாள்.

“கதவு, சாத்து.”

டிங்.

கதவு மெல்ல வந்து அவள் மூக்குக்கு நேரே சாத்திக்கொண்டது. பிரேக் அக்கா ஓர் அடி பின்னால் வைத்தாள். பிறகு போனை எடுத்து வக்கீலை அழைத்தாள்.

“வக்கீலம்மா, நாளைக்கு ரிவர்ஸ் கிளாஸ் கிடையாது. கேஸை முன்னாடி தள்ளுவோம், வாங்க.”