அவளுக்கு என்ன வேணும்?

நிறைமாசமாயிருந்த தெய்வம்மாவுக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கிடக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது அவள் புருஷன் பொன்னுத்துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. நர்ஸ் ஜெஸிந்தாதான் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"வாசப்படியில குறுக்கால மூட்டையப் போட்டு வச்சா ஆள் எப்படி வெளிய வரும்? அப்படித்தான். வயித்தக் கிழிச்சுத்தான் பிள்ளைய எடுக்கணும். ஏற்கெனவே ரத்தம் நெறைய போயிருச்சு. ரெண்டு பாட்டில் ரத்தம் கையில இருந்தாத்தான் டாக்டர் கத்திய எடுப்பாங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஆளுங்களக் கூட்டிட்டு வாங்க."

"என்கிட்ட எடுத்துக்குங்க சிஸ்டர். எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க."

ஜெஸிந்தா அவனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். வயசு, எடை, காய்ச்சல். மஞ்சள்காமாலை வந்ததுண்டா என்று கேட்டபோது அவன் உண்டு என்றான். மண்டபம் கேம்ப்பில் கிடந்தபோது கண்ணெல்லாம் மஞ்சள் பூத்துப் பிழைத்ததே பெரிது. அப்படியானால் எடுக்க முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள். காமாலை கண்டவன் ரத்தத்தில் அது ஒளிந்திருக்கலாம், வாங்குகிறவளுக்கும் போய்விடலாம் என்பதுதான் காரணம். பொன்னுத்துரை அதைக் கேட்டுக்கொண்டு குன்னூர் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டம் வரைக்கும் எப்படி வந்தானோ. பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பிரட்டுக் களத்தில் நின்று, "என் பொண்டாட்டிக்கு என் ரத்தம் ஆகாதாம்" என்று மட்டும் சொன்னான்.

இங்கே தெய்வம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், கண்ணுகளா. சிலோனிலிருந்து எங்கள் சனம் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் அது. ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்களைக்கூடக் காகிதம் பிரித்துவிடும். ஒருத்தருக்கு இந்தியா பாஸ்போர்ட் முந்தி வரும், ஒருத்தருக்குப் பிந்தி வரும், ஒருத்தருக்கு வராமலே போகும். தெய்வம்மாவின் கூடப்பிறந்த அண்ணனுக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது, அவன் அங்கேயே நின்றுவிட்டான். அவளுக்கென்று சின்ன வயசிலேயே பேசி வைத்திருந்தது அவளுடைய அத்தை மகன் வீரையாவை. அவனுக்குக் காகிதம் வரவில்லை. இவள் குடும்பம் முந்தி வந்தது. வந்த இடத்தில் வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு எத்தனை நாள் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது? அவள் அப்பா பொன்னுத்துரைக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார். பிறகு ஒருநாள் வீரையா தகரப் பெட்டியோடு எங்கள் லயத்துக்கே வந்து சேர்ந்தான்.

யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பொன்னுத்துரை தங்கமான மனுஷன். "வா தம்பி" என்று கூப்பிட்டு, லயத்துக் கடைசிக் காம்பிராவை, அந்த ஒற்றை அறையை, கூட்டிப் பெருக்கிக் கொடுத்தான். வீரையாவும் வரம்பு மீறாதவன். முறைக்காரன் என்ற உரிமையில் கேலி பேசுவான், அவ்வளவுதான். கொழுந்து நிறுக்கிற இடத்தில், "என்ன புள்ள, உன் கூடையில பாதி காம்பு" என்பான். "அத்தானுக்குக் கண்ணு மங்கிப் போச்சு" என்பாள் அவள். அந்த ஒரு வார்த்தை அவனுக்கு நாள் முழுக்கப் போதும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவன் தனக்குக் கல்யாணம் பேச விடாததும் தெரியும்.

பொன்னுத்துரையின் அக்காள் சுப்பம்மாவுக்கு மட்டும் இந்தக் கேலி பிடிக்காது. ஆனால் அன்று பிரட்டுக் களத்தில் முதலில் வாய் திறந்தவள் அவள்தான்.

"நாளைக்கு யார் யார் வர்றது? அட்டைக்கு ரத்தங் குடுக்கலையா நாம? அங்க கண்டி மலையில காலு காலா உறிஞ்சிச்சு, ஒரு தேங்க்ஸ் சொல்லுச்சா? இது நம்ம புள்ளைக்கு."

சிரிப்பு வந்தது. கைகளும் உயர்ந்தன. வீரையா கையைத் தூக்கவில்லை, நேராக டிராக்டர் டிரைவர் நெல்சனிடம் போய், "காலையில வண்டி எடுப்பீங்களா?" என்று கேட்டான். தோட்டத்து ஆபீசர் எல்லாருக்கும் லீவு கொடுத்தார்.

சுப்பம்மா இன்னொரு கட்டளையும் போட்டாள். "உசிர் குடுக்கிற காரியம். மாரியம்மனுக்குக் கரகம் எடுக்கிற மாதிரி சுத்தமாப் போகணும். தலைக்குத் தண்ணி ஊத்திக்குங்க. பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாது."

எங்களுக்கு அது நியாயமாகப் பட்டது. தெய்வத்துக்குக் கொடுப்பதை வெறும் வயிற்றோடு கொடுத்துத்தானே பழக்கம்.

மார்கழிக் குளிரில் விடியற்காலை தலைக்கு ஊற்றிக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு, டிராக்டர் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறினோம். ஈரத் தலையில் காற்று அறைந்தது. என் மடியில் கைப்பிள்ளை. வளைவு திரும்பும்போதெல்லாம் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்தோம். அப்போதுதான் சுப்பம்மா வீரையாவைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏம்ப்பா, யோசிச்சுத்தான் வர்றியா? உன் ரத்தம் அவ ஒடம்புல ஓடுனா நீ அவளுக்கு அண்ணன். ஒரே ரத்தம்னு ஆயிரும்ல. அப்புறம் புள்ளங்கிறதும் அத்தானுங்கிறதும் ஒழிஞ்சுது."

எல்லாரும் சிரித்தார்கள். கிழட்டு அய்யாவு, "அப்ப எனக்கு வேண்டாம்ப்பா, நான் இன்னும் ரெண்டு மூணு பேருக்கு அத்தான் முறை" என்றார். இன்னும் சிரிப்பு. ஆனால் சுப்பம்மா சிரிக்கவில்லை. அவள் மெய்யாகவே அப்படி நம்பினாள். எங்களில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே நம்பினோம்.

வீரையா பள்ளத்தில் தெரிந்த ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பொன்னுத்துரை எங்களைக் கண்டதும் எழுந்து நின்றான். முகம் சாம்பலாய் இருந்தது. "மறுபடியும் ரத்தம் போகுதாம்" என்றான். ஜெஸிந்தா வெளியே வந்து எங்கள் வரிசையைப் பார்த்தாள். ஈரத் தலைகளைப் பார்த்தாள். திருநீற்றைப் பார்த்தாள்.

"யாரு யாரு சாப்பிட்டு வந்திருக்கீங்க?"

சுப்பம்மா பெருமையாகச் சொன்னாள். "ஒருத்தர் வாயிலயும் ஒண்ணும் படல தாயி. எல்லாம் விரதம்."

ஜெஸிந்தா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, கோபப்படாமல்தான் சொன்னாள். "அம்மா, வெறும் வயித்துல ரத்தம் எடுத்தா நீங்க மயங்கி விழுவீங்க. அப்புறம் உங்களத் தூக்கி அவ பக்கத்துக் கட்டில்ல போடணும். போய் சாப்பிட்டு வாங்க. நல்லா சாப்பிடணும். தண்ணியும் நெறைய குடிக்கணும். அதுக்குள்ள பரிசோதனைக்கு வேண்டியத எடுத்து வைக்கிறேன்."

தன் பேச்சால்தான் நேரம் போகிறது என்று சுப்பம்மாவுக்கு உறைத்தது. அவளை அதட்ட அங்கே யாருக்கும் மனசு வரவில்லை.

எதிரே மருதாம்பாள் இட்லிக் கடை. கோயமுத்தூர்ப் பக்கத்து அம்மாள், உரத்த குரல். சங்கதியைக் கேட்டதும், "ஏனுங்க, ரத்தங் குடுக்கப் போறவீங்க வகுறு காயப் போட்டுட்டு வருவீங்களா? எந்த ஊரு வழக்கமுங்க இது?" என்றபடியே இலையைப் போட்டாள். பரிமாற ஆள் போதவில்லை. பொன்னுத்துரை போய் இட்லித் தட்டை வாங்கிக்கொண்டான். ஒவ்வொரு இலையிலும் அவன்தான் வைத்தான். "இன்னொண்ணு வச்சுக்குங்க, இன்னொண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். கொடுக்க முடியாதவன் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஊட்டுகிற மாதிரி இருந்தது. வீரையாவின் இலைக்கு வந்தபோது, "தம்பி, சட்னி ஊத்தட்டா?" என்றான். வீரையா இலையைப் பார்த்தபடியே தலையை ஆட்டினான்.

திரும்பிப் போனதும் ஒவ்வொருவராகக் கழிக்கப்பட்டோம். பால் குடிக்கிற பிள்ளை மடியில் இருந்ததால் என்னை ஜெஸிந்தா கேட்டதுமே வேண்டாம் என்றாள். எங்களோடு வந்த ஆண்டாயி, தன் எடை தொண்ணூறு ராத்தல் என்று நிமிர்ந்து நின்று சொன்னாள். ராத்தலில் தொண்ணூறு இருந்து என்ன செய்ய, கிலோவில் நாற்பத்தொன்றுகூட வரவில்லை, நாற்பத்தைந்து வேண்டும். அய்யாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. தாண்டாவிட்டாலும் தப்பியிருக்க மாட்டார்.

"நேத்து குடிச்சீங்களா தாத்தா?"

"காலையில இருந்துதான் விரதம் சிஸ்டர். நேத்து ராத்திரி விரதம் இல்ல."

சுப்பம்மாவின் விரலில் குத்தி, ஒரு துளியை நீலத் தண்ணீரில் விட்டாள். நல்ல ரத்தம் என்றால் துளி முங்கிவிட வேண்டுமாம். சுப்பம்மாவின் துளி மேலேயே மிதந்தது.

"ரத்தத்துல சத்துக் கொறவும்மா. முருங்கைக்கீர, ராகி, கடலை எல்லாம் சாப்பிடுங்க. நாலஞ்சு மாசம் கழிச்சு வாங்க, பாக்கலாம்."

"ஊரெல்லாம் என்னைக் கொதிக்கிற ரத்தம்னு சொல்லுது" என்று முனகினாள் சுப்பம்மா. "இங்க வந்து மெதக்குது."

கடைசியில் ரத்த வகை ஒத்துப்போனது இரண்டே பேருக்கு. ஒன்று நெல்சன். இன்னொன்று வீரையா. இருவர் துளியும் கல் மாதிரி முங்கியது.

நெல்சனைப் படுக்க வைத்துவிட்டு, ஜெஸிந்தா வீரையாவிடம் வந்தாள். பெயர், வயசு கேட்டாள். அப்புறம், தலையைத் தூக்காமலே, வழக்கமாகக் கேட்கிற கேள்வி போலக் கேட்டாள்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

கதவோரம் நாங்கள் எல்லாரும் நின்றோம். பொன்னுத்துரை கையில் இன்னும் கடைத் தண்ணீர்ச் செம்பு இருந்தது. சுப்பம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவன் என்ன சொல்லியிருந்தாலும் அந்த நர்ஸ் ஊசியைப் போட்டிருப்பாள். ஒன்றும் வேண்டாம், ஒரே லயத்து ஆள் என்றாலும் போதும். அது அவனுக்கும் தெரியும்.

வீரையா சட்டைக் கையை மேலே சுருட்டினான். அவசரமில்லாமல், மடிப்பு மடிப்பாகச் சுருட்டினான்.

"அண்ணன்" என்றான்.

ஜெஸிந்தாவுக்கு அது ஒரு வார்த்தை. கட்டிலைக் காட்டினாள். அவன் போய்ப் படுத்துக்கொண்டான். குழாயில் ரத்தம் ஏறி, பாட்டிலுக்குள் இறங்கியதை நான் பார்த்தேன். சுப்பம்மா பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எடுத்து முடிந்ததும் உடனே எழுந்திருக்கக் கூடாது, இனிப்பாக ஏதாவது குடிக்க வேண்டும் என்றாள் ஜெஸிந்தா. பொன்னுத்துரை ஓடினான். சீனி தூக்கலாகப் போட்டு ஒரு டம்ளர் தேத்தண்ணி கொண்டுவந்து கட்டிலோரம் நின்றான். பெண்டாட்டியின் அண்ணனை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுவரைக்கும் அவன் அந்த வார்த்தையை வீரையாவைப் பார்த்துச் சொன்னதே இல்லை.

"சூடு ஆறிரும். குடி மச்சான்."

வீரையா அவன் முகத்தைப் பார்த்தான். டம்ளரை வாங்கிக்கொண்டான்.

பிற்பகலில் பெண் பிள்ளை பிறந்தது. தெய்வம்மா கண் விழிக்க மறுநாள் ஆனது. அவளுக்கு விஷயத்தை எப்படியோ சுப்பம்மா சொல்லியிருந்தாள். வீரையா வார்டு வாசலில் வந்து நின்றபோது அவள் வெகுநேரம் அவனையே பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது. பழைய வார்த்தை அங்கே வரைக்கும் வந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"அண்ணே" என்றாள். "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா" என்றான் அவன். அன்றைக்கு அவன் குரல் உடையாமல் இருந்ததற்கு நான் மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

பிள்ளைக்குக் காது குத்துவது அடுத்த ஆவணியில், லயத்துக் கோயிலடியில். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும். கூடப்பிறந்தவன் கடலுக்கு அந்தப் பக்கம். ஆசாரி வந்து ஊசியைத் தயார் பண்ணிக்கொண்டு, "மாமன் எங்க?" என்று கேட்டார். யாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. வீரையா புது வேட்டியோடு பலகையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். பிள்ளை கத்திய கத்தலில் அவன் கண்ணிலும் நீர் வந்தது. "மாமனுக்குத்தான் ரொம்ப வலிக்குது போல" என்றாள் ஆண்டாயி.

பந்தி போடுகிற நேரத்தில் நெல்சன் டிராக்டரோடு வந்து இறங்கினான். பக்கத்து ஊர் கேத்தியில் காரட் தோட்டம் வைத்திருக்கிற ஒருத்தருடைய மனைவிக்கு ஆபரேஷன், அதே வகை ரத்தம் தேவைப்படுகிறது, ஜெஸிந்தா சிஸ்டர் ஆள் அனுப்பியிருக்கிறாள் என்றான். மூன்று மாசம் இடைவெளி விட்டால் மறுபடியும் கொடுக்கலாம், இவர்கள் கொடுத்து எட்டு மாசம் ஆகிவிட்டது.

"யாராம் அந்தம்மா?" என்று கேட்டான் வீரையா.

"தெரியல. நமக்கு இன்னொரு தங்கச்சின்னு வச்சுக்கயேன்."

வீரையா பிள்ளையைத் தெய்வம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தான். சுப்பம்மா குறுக்கே வந்து நின்றாள். கையில் இலை.

"எங்க கெளம்பிட்ட? உக்காரு. வெறும் வயித்தோட போகக்கூடாது" என்றாள்.